குறைச்சுருட்டும் சுங்கானும்

கேள்வி

டொக்டர் ஐயா, என் வாப்பாவுக்கு 67 வயது. கடலுக்குப் போவதை விட்டுச் சில வருடமாகிறது. இப்போது வாடியில் இருந்து வலை பொத்துகிறார். இளவயதிலிருந்தே யாழ்ப்பாணச் சுருட்டுத்தான். 1990 இல் உப்புக்குளத்தை விட்டுப் புத்தளம் போய் இருந்த காலத்திலும், திரும்பி வந்து குடியேறிய பிறகும் அதை மட்டும் விடவில்லை. சுருட்டு விலை ஏறிய பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியிருக்கிறது. லண்டனிலிருந்து வந்த சாச்சா ஒரு சுங்கான் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, குடித்து மிஞ்சுகிற குறைச்சுருட்டையெல்லாம் ஒரு பால்மாப் பேணியில் சேர்த்து வைத்து, உதிர்த்து, சுங்கானில் அடைத்துக் குடிக்கிறார். வாடியில் கூட இருப்பவர்களும் தங்கள் குறைச்சுருட்டை இவரிடம்தான் கொடுக்கிறார்கள். சில நாளில் என் மகளை, அவளுக்கு 8 வயது, கூப்பிட்டு இருத்தி உதிர்த்துத் தரச் சொல்கிறார்.

கேட்டால், "எறியிறதத்தானே குடிக்கிறன், நெஞ்சுக்கு இழுக்கிறதும் இல்ல. முழுச் சுருட்டக் குடிக்கிறத விட இது குறைவுதானே?" என்கிறார். ஆனால் நாக்கு வெந்தது போல இருக்கிறது என்றும் சொல்கிறார், இருமலும் இருக்கிறது. இது சுருட்டை விடக் கூடுதல் கெடுதலா, குறைவா? குடிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்குச் சரியான முறை ஏதும் உண்டா? வெற்றிலையும் போடுவார். கொஞ்ச நாளாக உறைப்புக் கறி வாயில் வைக்க முடியவில்லை, எரிகிறது என்கிறார். அதுவும் சுங்கானால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு மகள், உப்புக்குளம், மன்னார்

பதில்

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். சுங்கானைப் பற்றி ஆற அமரப் பேசலாம். உறைப்பு வாயில் எரிவது ஆற அமரப் பேசுகிற விஷயம் இல்லை. வெற்றிலை பாக்குப் போடும் ஒருவருக்குப் புதிதாக இப்படி எரியத் தொடங்கினால், கன்னத்தின் உட்தோல் நாராகி இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கினால் வருகிற நோய் அது. மெல்ல மெல்ல வாயைத் திறக்க முடியாமல் பண்ணும். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். சுங்கானின் சூட்டினால் வந்த வெறும் எரிவாகவும் இருக்கலாம். எது என்பதை வாயைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆகவே இந்தக் கிழமையே அவரை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அரச ஆஸ்பத்திரி, காசு செலவில்லை.

போகும் முன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். வாயை முடிந்த மட்டும் திறக்கச் சொல்லி, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக மேல்வாய்ப் பல்லுக்கும் கீழ்வாய்ப் பல்லுக்கும் இடையில் விடச் சொல்லுங்கள். அவருடைய விரலாகவே இருக்க வேண்டும். மூன்றும் போனால் ஆறுதல். இரண்டோடு நின்றுவிட்டால் வைத்தியரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிறகு வெளிச்சத்தில் இருத்தி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு கரை, நாக்கின் அடி, வெற்றிலையை அடக்கி வைக்கிற பக்கம் எல்லாம் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், காரணமில்லாமல் சிவந்த திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், தட்டுப்படுகிற கட்டி, இவற்றில் ஏதாவது உண்டா? "நோகேல்லயே" என்று அவர் சொல்லலாம். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோகத் தொடங்கிய பிறகு வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம், அதுதான் பெரும் துக்கம். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் இருக்கிறது.

அண்ணாந்து பார்க்கச் சொன்னால், மேலண்ணம் சாம்பல் வெள்ளையாகி நடுநடுவே சிவந்த குத்துக்களோடு தெரியலாம். தெரிந்தால் பயந்து விடாதீர்கள். சுங்கான் குடிப்பவர்களின் வாயில் நாங்கள் அடிக்கடி காண்பது அது. சூடான புகை மேலண்ணத்தில் நேரே போய் அடிப்பதால் தோல் தடிக்கிறது. சிவந்த குத்துக்கள் அங்கே இருக்கிற சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். சுங்கானை நிறுத்தினால் சில கிழமையில் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் சூடும் புகையும் சேர்ந்து அங்கே என்ன செய்ய வல்லவை என்பதற்கு ஆந்திரக் கரையோரம் சாட்சி. அங்குள்ள மீனவக் கிராமங்களில், பெண்கள் உட்படப் பலர், சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பார்கள். மற்ற இடங்களில் அரிதாகக் காணும் மேலண்ணப் புற்றுநோய் அங்கே சாதாரணமாக வருகிறது.

இனிச் சுங்கானுக்கு வருவோம். குறைச்சுருட்டைச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஒரு இளக்காரமும் இல்லை. நான் வலிகாமத்தில் புகையிலை நட்ட வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஒரே இருப்பில் சுருட்டைக் குடித்து முடிப்பவர் குறைவு. நாலு இழுவை இழுத்து, நிலத்தில் குத்தி அணைத்து, காதில் செருகிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்குவார்கள். வீட்டு இறப்பிலும் ஒன்று செருகி இருக்கும். நாற்று நட்டு, துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, நுனி கிள்ளி, பக்கக் குருத்து முறித்து, வெட்டிய இலையை வாட்டி, குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகை போட்டு, அடுக்கி வைத்து, கோடா தெளித்துப் பதப்படுத்தி, பிறகுதான் சுருட்டுகிறவர் கைக்கு அது போகும். ஒரு காலத்தில் திருவிதாங்கூர்வரை தோணியேறிப் போன இலை யாழ்ப்பாணத்து இலை. அவ்வளவு பாடுபட்டு வந்ததில் பாதியை எறிய மனம் வராது. வாப்பாவின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. எறிகிற துண்டில் சத்துக் குறைவு, அதனால் கெடுதலும் குறைவு என்று நினைக்கிறார். உண்மை நேர்மாறு. சுருட்டின் முனை எரியும்போது எழுகிற புகை முழுவதும் வாய்க்கு வருவதில்லை. வருகிற வழியில் எரியாமல் இருக்கிற இலைக்குள்ளாகத்தானே அது போகிறது? தேத்தண்ணி வடியில் சாயம் தங்குவது போல, தாரும் நிக்கோட்டினும் அந்த இலையில் படிந்து படிந்து தங்கிவிடுகின்றன. எரிகிற முனை வாய்ப்பக்கம் நெருங்க நெருங்க, தங்கியதெல்லாம் திரும்பவும் புகையாக எழுகிறது. ஒரு சுருட்டின் கடைசி இழுவைகள் முதல் இழுவைகளை விடக் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வாப்பாவுக்கே அது நாக்கில் தெரிந்திருக்கும். அந்தக் கடைசித் துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்து ஒரு சுங்கான் நிறைய அடைத்தால், எல்லாச் சுருட்டினதும் கடைசி இழுவைகளை ஒன்றாகக் குடிப்பதாக ஆகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். பேணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீளவாட்டில் பிளேட்டால் பிளக்கச் சொல்லுங்கள். கருகிய முனை கரியாக இருக்கும். அதற்கு அடுத்தாற்போல் இருக்கிற இலை, புதுச் சுருட்டில் இருக்கிற இலையின் நிறத்தில் இராது. கறுத்து, பசபசவென்று, விரலில் ஒட்டும். வாயில் வைத்த முனை எச்சிலில் ஊறிக் காய்ந்து தட்டையாகிக் கிடக்கும். அந்த நடுப்பகுதியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் மண்ணிறக் கறை எழும்பும். அந்தக் கறைதான் சுங்கானில் கொதித்து அவர் நாக்குக்கு வருவது.

"நெஞ்சுக்கு இழுக்கிறதில்ல" என்கிற பேச்சு சுருட்டுக் குடிக்கிற எல்லோரும் சொல்வது. பெரும்பாலும் உண்மையும்தான். ஆனால் சுருட்டுப் புகைக்கு நெஞ்சு தேவையே இல்லை. சிகரட் புகை சற்று அமிலத் தன்மையானது. அதிலுள்ள நிக்கோட்டின் வாய்த்தோலால் அவ்வளவாக உடம்பில் சேராது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் சேரும். பதப்படுத்திய சுருட்டு இலையின் புகை சுண்ணாம்பைப் போலக் காரத் தன்மை கொண்டது. அந்தத் தன்மையில் நிக்கோட்டின் கன்னத்தாலும் நாக்கினடியாலும் நேரே இரத்தத்தில் கலந்துவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால்தான் "ஏறும்" என்று வாப்பா அறிவார்; பாக்குக்கும் புகையிலைக்கும் சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சுருட்டுப் புகை தானாகவே செய்துகொள்கிறது. அளவும் சிறிதில்லை. ஒரு சிகரட்டில் இருக்கிற புகையிலையில் 10 மில்லிகிராம் அளவுக்கு நிக்கோட்டின் இருக்கும். மேல்நாட்டுப் பெரிய சுருட்டுகளை அளந்தபோது ஒன்றிலேயே 100 முதல் 200 மில்லிகிராம் வரை இருந்திருக்கிறது. நம்முடைய சுருட்டு அவ்வளவு பருமன் இல்லை, என்றாலும் இலை கடும் இலை.

இன்னொன்று. அவர் இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சுக்கு ஒன்றுமே போகாதவருக்கு ஏன் இருமல்? தெரிந்தும் தெரியாமலும் உள்ளே போகிறது. இருமல் இரண்டு கிழமையைத் தாண்டியிருந்தால் சளியையும் பரிசோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே நாளில் மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தையும் விசாரியுங்கள். காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்வது வீட்டிலுள்ள எல்லோருக்கும் நல்லது.

நாக்கு ஏன் வேகிறது? சுங்கானுக்கென்று செய்யும் புகையிலை வேறு. மென்மையான இலையை நாடா நாடாவாகச் சீவி, ஈரப்பதம் பார்த்துப் பேணியில் அடைப்பார்கள். அது மெதுவாக, சூடு குறைவாகக் கனலும். குறைச்சுருட்டை உதிர்த்தால் பாதி தூள், பாதி காம்பு. தூள் அடியில் போய் அடைக்கும், காம்பு சட்டென்று பற்றி எரியும். அடைத்ததால் அவர் வலிந்து இழுக்கிறார். வலிந்து இழுக்க இழுக்கச் சூடு ஏறுகிறது. காரத் தன்மையான புகை சூடாகவும் வந்தால் நாக்கு வேகாமல் என்ன செய்யும்? அதற்குமேல் சோளகம் வீசுகிற காலத்தில் மன்னார்க் கரையில் காற்றுக்கு முகம் கொடுத்து இருந்து குடித்தால் சுங்கான் உலை போலாகிவிடும். மாரியில் வேறு தொல்லை. மூடிய பேணிக்குள் எச்சில் ஈரத்தோடு கிடக்கிற இலையில் பூஞ்சணம் பிடிக்கும். சில வேளை கண்ணுக்குத் தெரியும், சில வேளை மணத்தில் மட்டும் தெரியும்.

வெளிநாடுகளில் சுங்கான் புகையிலையோடு சுருட்டு இலையையும் கொஞ்சம் கலந்து குடிப்பவர்கள் உண்டு. அவர்கள் கலப்பது பற்ற வைக்காத புது இலை. பற்றி அணைந்த இலையைச் சுவையாக்குவதற்கு ஒரு முறையும் இல்லை, கெடுதலைக் குறைப்பதற்கும் ஒரு முறை இல்லை. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், படிந்த தார் போகாது. கருகிய முனையை வெட்டி எறிந்தால் கரி மணம் குறையும், அவ்வளவுதான். "சரியான முறை உண்டா" என்று கேட்டீர்கள், உண்மையாகவே கிடையாது.

வாடியில் மற்றவர்கள் கொடுப்பதைப் பற்றி. ஏழ்மை இதைவிட எவ்வளவோ தூரம் மனிதரைக் கொண்டு போயிருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருக்களில் சுருட்டுத் துண்டு பொறுக்கிப் பிழைத்தவர்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ எழுதி வைத்திருக்கிறார். காயவைத்து விற்பார்கள், அது திரும்பவும் கடைக்கு வரும். வாப்பாவுக்கு அந்த நிலை இல்லை. கூட்டாளிகள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் கொடுப்பது அவர்களுடைய எச்சில். இதை அவரிடம் நேரடியாகவே சொல்லலாம், கோபிக்க மாட்டார்.

உங்கள் மகள் விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்றோடு நிறுத்துங்கள். ஈரப் புகையிலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பனியில் நனைந்த புகையிலையை வெட்டுகிற பெரியவர்களுக்கே தலை சுற்றி, வாந்தி வந்து படுத்துக்கொள்வது தோட்டக்காரர் அறிந்த நோய். 8 வயதுப் பிள்ளையின் சின்ன உடம்பு எவ்வளவு தாங்கும்? உதிர்த்த கையோடு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்னுவாள். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்களானால், பால்மாப் பேணியில் குறைச்சுருட்டு இருப்பதே ஆபத்து. பேணியைக் கண்டால் பிள்ளை திறக்கும், ஒரு துண்டை விழுங்கினாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்குவிக்கவும் வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, கடைக்காரரும் மாட்டிக்கொள்வார். தீ ஆபத்தும் உண்டு: வாடியில் வெளியிணைப்பு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்க் கலன் இருக்கும், பக்கத்தில் நைலோன் வலை கிடக்கும். சுருட்டின் கங்கு ஓரளவு கட்டாக இருக்கும். உதிர்த்த தூளின் கங்கு காற்றில் பறக்கும். அதையும் அவர் யோசிக்கட்டும்.

விடச் சொல்வது எளிது, ஐம்பது வருடப் பழக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் வாப்பாவிடம் ஒரு பலம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் வரை அவர் புகையைத் தொடுவதில்லை, அல்லவா? மன்னாரில் அது ஏறத்தாழ 13 மணித்தியாலம். நிக்கோட்டின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில், நோன்பு திறக்கும் நேரத்தில் அவர் உடம்பில் இருப்பது ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அப்படி வெறுமையான உடம்போடு ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் முழுக்க வலை பொத்துகிறார், தொழுகிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார். பகலை அவர் ஏற்கனவே வென்றுவிட்டார். மிச்சம் இருப்பது இரவில் நோன்பு திறந்த பிறகு கை தேடிப் போகிற அந்த முதல் சுருட்டு. அடுத்த நோன்பு வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். திங்கள், வியாழன் சுன்னத்து நோன்பு பிடிக்கிற பழக்கம் இருந்தால் அந்த நாளிலேயே தொடங்கி, இரவையும் சேர்த்துக் கடந்து பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை: எரிச்சல், நித்திரைக் குழப்பம், பசி. வீட்டில் எல்லோரும் அவர் கோபத்தை அந்த நாட்களில் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கிழமையில் பெரும்பகுதி அடங்கிவிடும். பாக்கையும் புகையிலையையும் சேர்த்து விடுவதுதான் நல்லது; ஒன்றை விட்டு மற்றதைக் கூட்டினால் வாய்க்கு ஒரு இலாபமும் இல்லை. வெற்றிலை பாக்கோடு புகையும் சேர்கிற வாய்க்கு வருகிற ஆபத்து, தனித்தனியே வருவதை விட மிகக் கூடுதல்.

67 வயதில் விட்டு என்ன பயன் என்று அவர் கேட்டால், பயன் உண்டு என்று சொல்லுங்கள். விட்டு ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் வாய், தொண்டைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பேத்தியின் கலியாணத்தில் வாய் நிறையச் சோறு சாப்பிட வேண்டுமே!

ஒருவேளை மன்னார் வைத்தியர் சந்தேகப்பட்டு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் தள்ளிப் போட வேண்டாம். பூநகரி வழியாக, சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பஸ் போகிறது. ஒரு நாள் வேலை. மரத்துப்போக ஊசி போட்டு, கடலை அளவுத் தோல் எடுத்துப் பார்ப்பார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று வாடியில் யாராவது சொல்வார்கள், அது பொய். சிகிச்சை தேவை என்றாகிவிட்டாலும் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியிருந்த காலம் போய்விட்டது. ஆரம்பத்தில் பிடித்தால் வாய்ப் புற்றுநோய் குணமாகிற நோய்.

சாச்சாவிடம் அடுத்த முறை நல்ல சுங்கான் புகையிலை கொண்டுவரச் சொல்லலாமா என்ற யோசனை வீட்டில் எழும்பும். வேண்டாம். சுங்கான் குடிப்பவர்களின் உதட்டில் வருகிற புற்றை ஜெர்மனிய வைத்தியர் ஸோமரிங் 1795 இலேயே எழுதி வைத்துவிட்டார். அவர் பார்த்தவர்கள் குடித்தது சுங்கானுக்கென்றே செய்த புகையிலை. அதனால் இன்னொன்றும் கவனியுங்கள். சுங்கானை வாப்பா எந்தக் கடைவாய்ப் பக்கம் கடித்துப் பிடிக்கிறார், வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.